நற்செய்தி கூறத் துணிவு கொள்வோம்

(நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மும்நாள் ஆயத்த வழிபாட்டின் இரண்டாம் நாள் மாலை, பங்குத்தந்தை ஆலயத்தில் ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் நம் கண்கள் கோபுரத்தை நோக்குகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கூரையின் கீழ்த் திருப்பலி கண்ட நம் முன்னோர், இன்று இந்த ஆலயத்தைப் பார்த்தால் பூரிப்படைவார்கள். நன்றி கூற வேண்டியதுதான். ஆனால் யூபிலி ஆண்டு நன்றி கூறுவதற்கு மட்டுமன்று, கணக்குக் கொடுப்பதற்கும் உரியது. ஆலயத்தைக் கட்டினோம், பள்ளியைக் கட்டினோம், கெபியைக் கட்டினோம். ஆண்டவர் கேட்கப்போவது, "என் செய்தியை யாரிடம் சொன்னாய்?" என்பதாக இருந்தால் நாம் என்ன பதில் கூறுவோம்?

உங்களைக் கேட்பதற்கு முன், நான் கூற வேண்டிய பதிலை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, நோயில் பூசுதல் கொடுப்பதற்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். கிறிஸ்தவர் அல்லர். அவர் மனைவி நினைவின்றி அதே வார்டில் படுத்திருந்தார். அவர் என்னைக் கேட்டார்: "சாமி, அந்தப் பெரியம்மாவுக்கு என்னமோ ஓதி எண்ணெய் வச்சீங்களே. அந்தம்மா மொகம் அப்படியே தெளிஞ்சு போச்சு. அதுல என்ன சாமி இருக்கு? செத்த பொறவு ஏதாச்சும் இருக்கா?"

நான் கூறிய பதில் இதுதான்: "கவலைப்படாதீங்கய்யா, எல்லாம் நல்லபடியா நடக்கும்." கூறிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெரியார் பேருந்து நிலையத்தருகே வண்டியை நிறுத்தி நின்றபோதுதான் உறைத்தது. நற்செய்தியைக் கூறுவதற்கென்றே குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் படித்தவன் நான். ஒரு மனிதன் தானாக வந்து, மரணத்துக்குப் பின் ஏதாவது உண்டா என்று கேட்கிறான். எனக்கு வாய் வரவில்லை. ஏன்? சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "சாமியார் ஆஸ்பத்திரிக்குள் மதம் மாற்றுகிறார்" என்று யாராவது கூறிவிடுவார்களோ என்ற பயம். நேரமாகிவிட்டது என்ற சாக்கு. மறுநாள் காலை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சென்றேன். கட்டில் காலியாக இருந்தது. அந்த மனிதரை அதன்பின் நான் பார்க்கவில்லை.

அன்பர்களே, துணிவைப் பற்றிப் பேச வந்திருப்பவன் துணிவில்லாமல் தோற்றுப் போனவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த உரையைக் கேளுங்கள்.

துணிவு என்பது எது?

அப்போஸ்தலர் பணி நூலின் நான்காம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். இராயப்பரும் அருளப்பரும் கைது செய்யப்பட்டுத் தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தப்படுகிறார்கள். இயேசுவின் பெயரால் இனிப் பேசக் கூடாது என்று மிரட்டி அனுப்பப்படுகிறார்கள். விடுதலையாகித் தம் மக்களிடம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து செபிக்கிறார்கள். அந்தச் செபத்தில் அவர்கள் கேட்டது என்ன? "ஆண்டவரே, இந்த ஆபத்தை நீக்கும்" என்று அவர்கள் கேட்கவில்லை. எதிரிகளை அழிக்கும்படியும் கேட்கவில்லை. பயமின்றிப் பேசும் வரத்தைத்தான் கேட்டார்கள்.

இதே இராயப்பர்தான் சில வாரங்களுக்கு முன் குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு நடுங்கியவர். சங்கத் தலைவர்கள் முன் அஞ்சாமல் நின்றவரும் அவர்தான். நடுவில் நடந்தது என்ன? உயிர்த்த ஆண்டவர் அவரை மன்னித்தார்; தூய ஆவி அவர்மீது இறங்கினார். ஆகவே, கிறிஸ்தவத் துணிவு பிறவிக் குணமன்று. மன்னிக்கப்பட்டவனுக்குக் கொடுக்கப்படும் கொடை. தோற்றுப் போனவர்களுக்கும் அது உண்டு என்பதே நமக்கு ஆறுதல்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இந்தத் துணிவுக்குப் பர்ரேசியா என்ற சொல் வழங்குகிறது. ஒளிவுமறைவின்றி, உள்ளதை உள்ளபடி, உரிமையோடு பேசுதல் என்பது அதன் பொருள். உரத்துப் பேசுவதும் சண்டைக்குப் போவதும் அதன் பொருளல்ல. அடுத்தவன் கும்பிடும் தெய்வத்தை ஏசுவது துணிவாகாது; அது நாகரிகமே ஆகாது. சித்திரைத் திருவிழாவில் அழகரைக் காணச் செல்லும் மக்களுக்கு நம் வீட்டு வாசலில் தண்ணீர் கொடுக்கிறோமே, அந்த அன்புக்கும் நற்செய்தி கூறும் துணிவுக்கும் பகை எதுவுமில்லை. அன்பில்லாதவன் கூறும் நற்செய்தி காதில் ஏறாது.

இந்த மண்ணில் விதைத்தவர்கள்

துணிவைக் கற்றுக்கொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மதுரை மண்ணே நமக்குப் பள்ளிக்கூடம்.

1606-ஆம் ஆண்டு நவம்பரில், இருபத்தொன்பது வயதுடைய இத்தாலிய இயேசு சபைக் குரு ஒருவர் இந்நகருக்கு வந்தார். இராபர்ட் தெ நொபிலி என்பது அவர் பெயர். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அவரை அழைத்தார்கள். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குரு பல ஆண்டுகளாக இங்கு உழைத்துக்கொண்டிருந்தார். பள்ளி நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் இந்நகர மக்களில் எவரும் அவருடைய சொல்லுக்குச் செவிகொடுத்து ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. ஏனெனில், வேதத்தில் சேர்வது என்றால் பரங்கியர் கூட்டத்தில் சேர்வது என்றே மக்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

நொபிலி அந்த மதிலைக் கண்டார். காவி உடுத்தினார், மரக்கறி உணவை மட்டும் உண்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். முதலில் அவரிடம் வந்து வாதாடியவர் ஒரு பள்ளி ஆசிரியர். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாக ஏறக்குறைய இருபது நாள் கேள்வியும் பதிலும் நடந்தன. உலகம் எப்படி உண்டாயிற்று, ஆன்மா என்பது என்ன, மறுபிறவி உண்டா என்று அவர் கேட்டார், இவர் விளக்கினார். அதன் பின்பே அவர் ஞானஸ்நானம் பெற்றார். மெய்யான துணிவு எப்படிப்பட்டது என்பதை இங்கே பாருங்கள்: இருபது நாள் பொறுமையாக உட்கார்ந்து ஒரே மனிதனின் கேள்விகளுக்குப் பதில் கூறுவது. நானோ ஒரு மனிதனின் ஒரே கேள்விக்கு ஐந்து நிமிடம் நிற்கவில்லை.

நொபிலிக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது திருச்சபைக்குள்ளிருந்துதான். இவர் விசுவாசத்தையே விற்றுவிட்டார் என்று சக குருக்களே குற்றஞ்சாட்டினார்கள். ஆண்டுக்கணக்கான வழக்குக்குப் பின், 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய முறையை அனுமதித்தார். பின்னர், அறுபது வயதைக் கடந்த பிறகு, இதே மதுரையில் சிறைவாசமும் அனுபவித்தார். கண்பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூரில் 1656-இல் இறந்தார்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அன்றிருந்த சாதி வேற்றுமையை நொபிலி சமுதாய வழக்கம் என்று கருதி ஏற்றுக்கொண்டு நடந்தார். அதன் சுமையைத் தமிழகத் திருச்சபை நெடுங்காலம் சுமந்தது; இன்னும் சுமக்கிறது. அவரைக் குற்றஞ்சாட்ட இதைக் கூறவில்லை. அவர் காலத்து மதிலை அவர் உடைத்தார். நம் காலத்து மதிலை நாம் உடைத்தோமா என்று கேட்கவே கூறுகிறேன். இதற்குப் பிறகு வருவேன்.

ஓரியூர் மணல்

அடுத்தவர் புனித அருளானந்தர். 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். இளமையில் அரச மாளிகையில் வளர்ந்தவர். மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்து நம் சமவெளிகளிலும் மறவர் சீமையிலும் கால்நடையாக நடந்து உழைத்தவர். 1686-இல் மறவர் சீமையில் தம் உபதேசியார்களோடு பிடிபட்டார். நீரில் அமிழ்த்தினார்கள், கொதிக்கும் வெயிலில் கூரிய பாறைமீது கிடத்தினார்கள். இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவரை விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்.

அதன்பின் சபைப் பணிக்காக அவரைப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பினார்கள். அங்கே அரசர் அவருடைய இளமைத் தோழர். அங்கேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். போதுமான அளவு பாடுபட்டுவிட்டாரே! ஆனால் 1690-இல் அவர் மீண்டும் இந்தியா திரும்பினார். மறுபடியும் மறவர் சீமைக்குள் கால் வைத்தார்.

அடுத்து நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அரச குலத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கொடிய நோயில் விழுந்தார். அருளானந்தரை அழைத்தார். அருளானந்தர் தாம் போகாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அந்த உபதேசியார் நோயாளியின் அருகில் நின்று நற்செய்தியை வாசித்துச் செபித்தார். தடியத்தேவர் குணமடைந்தார், ஞானஸ்நானம் கேட்டார்.

இந்த இடத்தில் அருளானந்தர் மகிழ்ந்துபோய் உடனே தண்ணீர் ஊற்றியிருக்கலாம். நாட்டின் பெரிய மனிதர் ஒருவர் வேதத்தில் சேர்கிறார் என்றால் திருச்சபைக்கு எவ்வளவு பாதுகாப்பு! ஆனால் அவர் உள்ளதைக் கூறினார்: பல மனைவியரை வைத்துக்கொண்டு கிறிஸ்தவனாக முடியாது. தடியத்தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார்; மற்றவர்களுக்கு வாழ்க்கைக்கு வழி செய்து விலக்கினார். 1693 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டார். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். ஓரியூருக்குக் கொண்டுபோகப்பட்டு, பிப்ரவரி 4, விபூதிப் புதனன்று, தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. 1947 ஜூன் 22 அன்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அந்தச் செம்மணலை நம் வீட்டில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம். காய்ச்சல் வந்தால் நெற்றியில் இடுகிறோம். தவறில்லை. ஆனால் அந்த மணல் எதற்காகச் சிவந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கூறினோமா? ஆள் பிடிப்பதற்காக நற்செய்தியின் விலையைக் குறைக்க அவர் மறுத்தார். கேட்க விரும்பாதவனை அவர் கட்டாயப்படுத்தவில்லை. கேட்க வந்தவனிடம் பாதியை மறைக்கவுமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நோயாளியின் வீட்டுக்குள் முதலில் நுழைந்தவர் அருளானந்தர் அல்லர். ஓர் உபதேசியார், பொதுநிலையினர். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் நுழைந்திராவிட்டால் ஓரியூரும் இல்லை.

குரு இல்லாத ஆண்டுகள்

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அந்தச் சபையின் குருக்கள் மதுரைப் பணித் தளத்திற்கு மீண்டும் வந்து சேர்ந்தது 1838-ஆம் ஆண்டையொட்டியே. நடுவில் அறுபத்தைந்து ஆண்டுகள். கோவாவிலிருந்து வந்த சில குருக்கள் பரந்த இந்த நாட்டில் தங்களால் இயன்ற அளவு சுற்றிப் பணியாற்றினார்கள். பெரும்பாலான ஊர்களுக்கு ஆண்டுக்கணக்கில் குருவின் முகமே தெரியாது. அப்படியிருந்தும் திரும்பி வந்த குருக்கள் இங்கே கிறிஸ்தவர்களைக் கண்டார்கள்! மந்திரங்களைப் பாட்டி பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தைகளுக்கு உபதேசியார் ஞானஸ்நானம் கொடுத்தார். சாவு வீட்டில் ஊர்ப் பெரியவர் செபம் நடத்தினார். சுவாமியார் இல்லாதபோதும் விசுவாசம் கைமாறியது.

இன்று நம் பங்கில் நாள் தவறாமல் பூசை உண்டு, மறைக்கல்வி வகுப்பு உண்டு, அன்பியங்கள் உண்டு. ஆனால் வீட்டில் இரவுச் செபம் உண்டா? "அதெல்லாம் சாமியார் பார்த்துக்கொள்வார்" என்ற வார்த்தை எப்போது நம் வாயில் நுழைந்தது? அந்த அறுபத்தைந்து ஆண்டுக் காலத்தவர் இப்படிக் கூறியிருந்தால் இந்தப் பொன்விழா நமக்கு ஏது?

நம் பயங்கள்

இன்று நம் வாயைக் கட்டுவது எது?

முதலாவது, சட்டத்தைப் பற்றிய பயம். நமது அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, ஒருவர் தம் சமயத்தை ஏற்று ஒழுகவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் வழி ஒன்றே. வலுக்கட்டாயமோ, பணத்தாசையோ, வஞ்சகமோ கலந்து எவரையும் விசுவாசத்துக்கு இழுக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே தெளிவாகக் கூறிவிட்டது. மனத்தை மாற்றுவது நம் வேலை அன்று, தூய ஆவியின் வேலை. கேட்பவனுக்கு உள்ளதைக் கூறுவது நம் வேலை. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது, "எனக்கு என்ன தெரியும்?" என்ற பயம். படிக்காதவர்களைவிடப் படித்தவர்களுக்கே இது அதிகம். அலுவலகத்தில் ஒரு நண்பர், "நீங்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால், "சும்மா, பழக்கம்" என்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் விவிலியத்தை எடுத்து வாசிக்க நம்மால் முடியாதா? கேட்பவருக்குக் காரணம் கூறத் தயாராயிருங்கள், அதுவும் சாந்தத்தோடு கூறுங்கள் என்று இராயப்பர் தம் திருமுகத்தில் எழுதியிருப்பதும் நமக்காகத்தான்.

மூன்றாவது, ஆழமான பயம். வாயைத் திறந்தால் நம் வாழ்க்கையைக் காட்டிக் கேட்பார்களே என்ற பயம். இது நியாயமான பயம்! கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று கூறுகிறோம். அடுத்த வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கிறார்: "அப்படியா? உங்கள் கல்லறையில் ஏன் சுவர் இருக்கிறது? தேர் ஏன் அந்தத் தெருவுக்குள் போகாது? உங்கள் பெண்ணுக்கு வரன் தேடும்போது ஏன் சாதி கேட்கிறீர்கள்? வரதட்சணை வாங்குகிறீர்களே?" தமிழகத்துப் பங்குகளில் இவையெல்லாம் நடந்திருக்கின்றன, இன்றும் முற்றாக ஒழியவில்லை. நம் பங்கில் சுவர் இல்லை என்று பெருமைப்படுகிறோம். மனத்தில் இல்லையா? உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

போதகர்களைவிடச் சாட்சிகளின் சொல்லையே இக்கால மனிதன் விரும்பிக் கேட்கிறான் என்ற கருத்தைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975-இல் நற்செய்திப் பணி பற்றிய தம் மடலில் வலியுறுத்தினார். ஆகவே, நம் துணிவை முதலில் வெளியே காட்ட வேண்டியதில்லை, உள்ளே காட்டுவோம். சாதி பேசும் சொந்த அண்ணனிடம், "இது தப்பு" என்று கூறும் துணிவு வேண்டும். வரதட்சணைப் பட்டியலைக் கிழித்துப் போடும் துணிவு வேண்டும். அது இல்லாமல் தெருவில் நின்று நற்செய்தி கூறினால், அது வெறும் சத்தமாகவே முடியும்.

பூக்கட்டும் அம்மா

முடிக்கும் முன் ஒரு செய்தி. நம் பங்கில் மல்லிகைப் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு தாய் இருக்கிறார். பெயரைக் கூறினால் என்னைக் கோபித்துக்கொள்வார். வளர்ந்த மகனை இழந்தவர். அவருடைய பக்கத்து வீட்டில், கிறிஸ்தவரல்லாத ஒரு பெண்மணியின் மகள் திடீரென்று இறந்துபோனாள். காரியம் முடிந்து உறவினர் எல்லாரும் போய்விட்டார்கள். நம் அம்மா தினமும் மாலையில் பூக்கூடையோடு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார், பூக் கட்டிக்கொண்டிருப்பார். பல நாள் இப்படி. ஒரு நாள் அந்தப் பெண்மணியே கேட்டிருக்கிறார்: "ஒனக்கும் மகன் போனானே அக்கா. நீ எப்படித் தாங்குன?"

நம் அம்மா கூறிய பதிலை அவர் என்னிடம் சொன்னபடியே கூறுகிறேன்: "நானும் இப்படித்தான் கெடந்தேன் தாயி. மாதாவும் பெத்த புள்ளைய மடியில போட்டு அழுதவதான்னு நெனச்சேன். அந்தப் புள்ளையக் கடவுள் எழுப்புனாரு. எம் புள்ளையவும் எழுப்புவாருன்னு நம்பிக்கிட்டுக் கெடக்கேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

குருமடத்தில் நான் படித்த மறையியல் முழுவதும் இதில் இருக்கிறது. மருத்துவமனை மரத்தடியில் நான் கூறியிருக்க வேண்டிய பதிலும் இதுதான். அந்தப் பெண்மணி ஞானஸ்நானம் கேட்கவில்லை. நம் அம்மாவும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. "ஒன் சாமிகிட்ட எம் மகளையும் சொல்லிரு அக்கா" என்றாராம். இருவரும் இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். மீதியை ஆண்டவர் அறிவார்.

யூபிலி வாக்குறுதி

அன்பு மக்களே, பொன்விழா நினைவாக இந்த ஆண்டு நாம் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் இரவுச் செபம். அதில் சிறிது விவிலியம், பெரியவர் வாசிக்கப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். இரண்டு, நம் வாழ்வில் நற்செய்திக்கு எதிராக நிற்கும் ஒன்றையாவது தவக்காலத்துக்குள் களைந்துவிடுவோம். மூன்று, துன்பத்தில் இருக்கும் ஒருவர் அருகில், அவர் யாராயிருந்தாலும், போய் உட்காருவோம். பேசச் சொல்லிக் கேட்டால் மட்டும், நமக்கு உண்மையாகத் தெரிந்ததை மறைக்காமல் கூறுவோம்.

அந்த உசிலம்பட்டி மனிதருக்காக நான் இன்றும் ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறேன். எனக்குப் பதிலாக வேறு யாராவது, ஒருவேளை ஒரு பூக்கட்டும் அம்மா, அவருக்குப் பதில் கூறியிருக்கட்டும் என்பதே என் மன்றாட்டு. அந்த யாராவது நாளை நீங்களாக இருக்கலாம். அப்போது வாய் மூடிவிடாதீர்கள்.

தொடக்கத் திருச்சபை ஒன்றுகூடிக் கேட்ட அந்த வரத்தை இப்போது நாமும் கேட்போம். எல்லாரும் முழந்தாளிடுவோம்.

ஆண்டவரே, பயந்து மறுதலித்த இராயப்பரை மன்னித்துத் துணிவு கொடுத்தீர். எங்களையும் மன்னியும். புனித அருளானந்தரின் இரத்தம் நனைத்த இந்த மண்ணில், அன்போடும் அடக்கத்தோடும் அஞ்சாமல் உம் பெயரைக் கூற எங்களுக்கு உம் ஆவியைத் தாரும். ஆமென்.